பழைய மனுவல் லென்ஸை டிஜிட்டல் கமராவில் பூட்டுவது: அடப்டர், பூஞ்சணம், ஃபோக்கஸ்

மணற்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். கமரா சோனி ஏ6000. ஜேர்மனியில இருந்து வந்த பொதிக்குள்ள மூண்டு சாமான் இருக்கு: ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2), பென்டகன் ஓட்டோ 135 மி.மீ. எஃப்/2.8, யாஷிகா எலக்ட்ரோ 35 ஃபிலிம் கமரா ஒண்டு. லென்ஸ் ரெண்டும் தோல் உறைக்குள்ள. பென்டகனுக்குள்ள ரோச் அடிச்சுப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி ஏதோ தெரியுது.

எந்த அடப்டர் வாங்கோணும்? யாஷிகாவின்ர லென்ஸைக் கழட்டிப் பூட்ட ஏலுமோ? அந்த நூல் கமராவுக்கும் பரவுமோ? திருவிழா, வீட்டு நிகழ்வு, கடற்கரை, இவ்வளவும்தான் எடுக்கிறது.

திருத்துமேசை

தம்பி, அடப்டருக்குக் காசு கட்ட முதல் லென்ஸை வடிவாச் சோதியுங்கோ. யாஷிகா எலக்ட்ரோ 35இன்ர லென்ஸ் உடலோட சேர்த்துப் பொருத்தினது; ஷட்டரே அந்த லென்ஸுக்குள்ளதான் இருக்கு. கழட்டினால் கமராவும் போச்சு, லென்ஸும் போச்சு. அதை ஃபிலிம் கமராவாகவே வைச்சிருங்கோ.

மற்ற ரெண்டையும் இருட்டறையில சோதிக்கோணும். அபெர்ச்சரை (வெளிச்சம் போற துவாரம்; எஃப் எண் சின்னனெண்டால் துவாரம் பெரிசு) முழுதாத் திறந்து, பின்பக்கத்தால ரோச் வெளிச்சத்தைக் கொஞ்சம் சரிச்சு அடிச்சு, முன்பக்கத்தால பாருங்கோ. நேரா அடிச்சால் கண் கூசும், ஒண்டும் விளங்காது. கிளை விட்ட நூல் பூஞ்சணம். கண்ணாடி முழுக்க மெல்லிய புகை படிஞ்சிருந்தால் அது கிறீஸ் ஆவி. விளிம்பில வானவில் நிறத்தில திட்டுத் தெரிஞ்சால் ரெண்டு கண்ணாடியை ஒட்டின பசை பிரியுது. அதை வீட்டில திருத்த ஏலாது. உள்ளுக்க சின்னச் சின்னக் காற்றுக் குமிழ் இருந்தால் பயப்பிடாதேங்கோ, அந்தக் காலக் கண்ணாடியில அது சாதாரணம், படத்தில தெரியாது. முன் கண்ணாடிக் கீறலை விடப் பின் கண்ணாடிக் கீறல்தான் படத்தைக் கெடுக்கும்.

பேந்து அந்தத் துவாரத்தைத் திறந்து மூடுற மெல்லிய இதழ்களைப் பாருங்கோ. எண்ணெய் மினுங்குதோ? ஃபோக்கஸ் வளையத்துக்குள்ள போட்ட கிறீஸ், வெக்கைக்கு எண்ணெயாப் பிரிஞ்சு இதழுக்கு ஓடும். இஞ்சத்த வெயிலில வாகனத்துக்குள்ள வைச்ச லென்ஸுக்கு இது வரக்கூடும். ஹீலியோஸ் 44-2இல இதழைக் கையாலதான் திறந்து மூடுறது எண்டதால கொஞ்ச எண்ணெய் இருந்தாலும் பாவிக்கலாம். பென்டகன் ஓட்டோவில இதழை ஒரு மெல்லிய ஸ்பிரிங்தான் இழுக்குது. எண்ணெய் பட்டால் பாதியில நிண்டுடும்.

கடைசியா ஃபோக்கஸ் வளையத்தை ஒரு கோடியில இருந்து மற்றக் கோடிக்குத் திருப்பிப் பாருங்கோ. இறுக்கம் எல்லா இடத்திலயும் ஒரே அளவா இருக்கோணும். ஓரிடத்தில கரகரத்தால் உள்ளுக்க மண் போயிருக்கு.

பண்ணைப்பாலம்

அடப்டர் விடயத்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டு லென்ஸும் எம்42 திருகு மவுண்ட் (லென்ஸ் பூட்டும் வாய்): 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி இடைவெளி. எம்42இல் லென்ஸ் அமரும் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைத்தூரம் 45.46 மி.மீ. சோனி ஈ மவுண்டில் அது 18 மி.மீ. மட்டுமே. மிச்சம் 27.46 மி.மீ. நீளமுள்ள வெற்றுக் குழாய்தான் நீங்கள் வாங்கப்போகும் அடப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை. மிரர் இல்லாத கமராக்களில் பழைய லென்ஸ் இவ்வளவு இலகுவாகப் பொருந்துவதற்கு இதுதான் காரணம்.

மலிவு அடப்டரில் பிழையாக இருப்பது இந்த நீளம்தான். குழாய் கொஞ்சம் கட்டையாக இருந்தால் வளையம் முடிவிலியை (மிகத் தொலைவிலுள்ளவை கூர்மையாகும் நிலை) தாண்டிச் சுழலும். தூர அளவுகோல் பொய் சொல்லும், வேறு நட்டமில்லை. நீளமாகிவிட்டால் முடிவிலிக்கு ஃபோக்கஸ் வராது. 0.1 மி.மீ. கூடினாலே 58 மி.மீ. லென்ஸ் சுமார் 33 மீற்றருக்கு அப்பால் கூர்மையாகாது. 28 மி.மீ. லென்ஸாக இருந்தால் 8 மீற்றரோடு நின்றுவிடும். குவியத்தூரத்தின் வர்க்கத்தை நீளப் பிழையால் பிரித்தால் இந்தக் கணக்கு வரும். அகலக்கோண லென்ஸ் வைத்திருப்பவர்கள் அடப்டரில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வாங்கும்போது இன்னுமொன்றைப் பாருங்கள். பென்டகன் ஓட்டோவின் பின்புறத்தில் ஒரு சிறு ஊசி துருத்திக்கொண்டிருக்கும். அது அமுங்கினால்தான் இதழ் மூடும். லென்ஸில் ஓட்டோ–மனுவல் சுவிட்ச் இல்லாவிட்டால், உட்புறத்தில் ஊசியை அமுக்கும் விளிம்புள்ள அடப்டர்தான் வேண்டும். அந்த விளிம்பு இல்லாததைப் பூட்டினால் வளையத்தை எஃப்/16க்குத் திருப்பினாலும் இதழ் எஃப்/2.8இலேயே நிற்கும். ஹீலியோஸ் 44-2இல் ஊசி இல்லை, எதிலும் வேலை செய்யும்.

குழாயின் உட்சுவர் மினுங்கினால் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, படம் வெளிறிப்போகும். கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை அளவாக வெட்டி உட்சுவரில் ஒட்டுங்கள். சூரியனுக்கு எதிரே எடுக்கும் படங்களில் வித்தியாசம் உடனே தெரியும்.

சுருவில்

இடையில ஒரு கேள்வி. நிக்கோன் டி5300க்கு எம்42 ஹீலியோஸ் போடலாமோ?

பண்ணைப்பாலம்

நிக்கோன் எஃப் மவுண்டின் இடைத்தூரம் 46.5 மி.மீ. லென்ஸுக்குத் தேவையானதைவிட 1.04 மி.மீ. ஏற்கனவே கூடிவிட்டது. வெறும் வளையம் போட்டால் ஹீலியோஸ் 3 மீற்றரைச் சுற்றியே நின்றுவிடும். தலை–தோள் உருவப்படத்துக்குப் போதும், கடற்கரைக்கு ஆகாது. கண்ணாடி வைத்த அடப்டர் முடிவிலியைத் தரும், ஆனால் மலிவுக் கண்ணாடி எஃப்/2இல் படத்தை மென்மையாக்கிவிடும். உங்களுக்கு நிக்கோனின் சொந்தப் பழைய மனுவல் வகைகளான ஏஐ, ஏஐ-எஸ் லென்ஸ்களே நல்லது. டி5300இல் அவற்றுக்கு ஒளி அளவீடு வேலை செய்யாது. எம் (மனுவல்) நிலையில் வைத்து ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச வரைபு) பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஃபோக்கஸ் சரியானால் எரியும் வ்யூஃபைண்டரின் பச்சைப் புள்ளி வேலை செய்யும்.

ஏஐக்கு முந்திய நிக்கோன் லென்ஸ் உங்கள் டி5300இல் பயமில்லாமல் பூட்டலாம். அதையே டி7000 வகையில் பூட்டினால் மவுண்ட் விளிம்பிலுள்ள சிறு நெம்பு முறியும். நண்பருடைய கமராவில் போட்டுப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் கவனிக்க.

கனன் ஈஎஃப் மவுண்ட் 44 மி.மீ. என்பதால் 1.46 மி.மீ. வளையத்தோடு எம்42க்கு முடிவிலி வரும். ஆனால் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சரும் மிரரும் உள்ள கமரா) சில லென்ஸ்களின் பின்பகுதி மிரரில் இடிக்கும்.

கிளுவைவேலி

இனிப் படம் எடுக்கிற பக்கம். தம்பி, முதல் வேலை: மெனுவில "ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்" எண்டதை எனேபிள் ஆக்குங்கோ. இல்லாட்டி லென்ஸ் இல்லையெண்டு நினைச்சு ஷட்டர் விழாது. அடப்டர் பழுதெண்டு திருப்பி அனுப்புற கன பேர் இந்த இடத்திலதான் தடக்குப்படுகினம்.

ரெண்டாவது, ஏ நிலையில (ஷட்டர் வேகத்தைக் கமராவே தெரிவு செய்யிற நிலை) ஓட்டோ ஐஎஸ்ஓ (சென்சரின்ர வெளிச்ச உணர்திறன்) வைச்சு எடுக்காதேங்கோ. லென்ஸ் என்னெண்டு கமராவுக்குத் தெரியாததால ஏ6000 ஷட்டரை 1/60இலயே பிடிச்சு வைச்சிருக்கும். அந்த உடலுக்குள்ள நடுக்கம் குறைக்கிற வசதியும் இல்லை. எம் நிலைக்குப் போய், ஷட்டரை நீங்களே வைச்சு, ஐஎஸ்ஓவை மட்டும் ஓட்டோவில விடுங்கோ. ஹீலியோஸுக்கு 1/160, பென்டகன் 135க்கு 1/400, இவைக்குக் கீழ போகாமல் பாருங்கோ. சிறுபிள்ளையள் ஓடித்திரியிற நிகழ்வெண்டால் ரெண்டுக்கும் 1/500.

மூண்டாவது ஃபோக்கஸ். பீக்கிங்கை (கூர்மையான விளிம்பில நிறக் கோடு போட்டுக் காட்டுற வசதி) நம்பி எஃப்/2இல எடுக்கக்கூடாது. 1 மீற்றரில எஃப்/2க்கு இந்தச் சென்சரில கூர்மையான ஆழம் 2 செ.மீ. சொச்சம்தான். பீக்கிங் கோடு மூக்கிலயும் காதிலயும் ஒரே நேரம் சிவப்பாய்த் தெரியும். கண் மங்கலா வரும். சி1 பட்டனுக்கு ஃபோக்கஸ் மக்னிஃபையரைக் குடுங்கோ. கண்ணில வைச்சுப் பெரிசாக்கி, இமை மயிர் தனித்தனியாத் தெரியுமட்டும் திருப்பி, ஷட்டரை அரைவாசி அழுத்தினால் முழுப்படமும் திரும்பி வரும், உடனே எடுங்கோ. அந்த இடைக்குள்ள ஆள் அரை அங்குலம் முன்னுக்குச் சரிஞ்சாலும் போச்சு. அதால ஒரே ஃபோக்கஸில மூண்டு நாலு படம் தொடர்ந்து எடுக்கிறது நல்லது.

ஒளிமானி

அக்கா சொல்வது எஃப்/2க்குச் சரி. ஆனால் திருவிழாவில் ஒவ்வொரு படத்துக்கும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றால் சாமி கடந்துபோய்விடும். எஃப்/4, எஃப்/5.6 என்று மூடினால் பீக்கிங் நன்றாகவே உதவுகிறது. அளவை "லோ"வில் வையுங்கள். "ஹை"யில் வைத்தால் படம் முழுக்கச் சிவப்பு அப்பிவிடும், எது கூர்மை என்று பிரித்தறிய முடியாது. பட்டுச்சேலைக் கரை, தேர்ச் சிற்பம், மாவிலைத் தோரணம் மாதிரி நுணுக்கமான விளிம்புள்ளவற்றில் பீக்கிங் கூடுதலாக ஏமாற்றும். அவை கொஞ்சம் ஃபோக்கஸ் தப்பினாலும் மினுங்கும்.

கிளுவைவேலி

"லோ" எண்டது நல்ல யோசனை, அதை ஏற்கிறன். திருவிழாக் கூட்டத்துக்கு ஃபோக்கஸே பண்ணாமல் எடுக்கிற வழி இன்னும் நல்லம். ஒரு 28 மி.மீ. பழைய லென்ஸை எஃப்/8இல வைச்சு, வளையத்தை 5 மீற்றரில நிப்பாட்டினால் இந்தச் சென்சரில ஏறக்குறைய 2.5 மீற்றரில இருந்து முடிவிலி மட்டும் கூர்மை. நல்லூர்த் தேர் அண்டைக்கு வெளிவீதியில வடம் பிடிக்கிற ஆக்களை எடுக்க வேற ஒண்டும் தேவையில்லை.

லென்ஸில கீறியிருக்கிற ஆழ அளவுகோல் 35 மி.மீ. ஃபிலிமுக்குப் போட்டது எண்டதை மறக்காதேங்கோ. உங்கட கமராவில இருக்கிற, ஃபிலிமை விடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சரில ஒரு படி குறைச்சு வாசிக்கோணும்: எஃப்/8இல எடுக்கேக்க எஃப்/5.6க்குரிய கோடுகளைப் பாருங்கோ.

மணற்காட்டான்

மெத்தப் பெரிய உபகாரம். சோதிச்சுப் பார்த்தன். ஹீலியோஸ் துப்புரவு. பென்டகனில நூல் முன் கண்ணாடிக்குப் பின்பக்கம், ஒரு ஓரத்தில மட்டும். கழட்டோணுமோ? வெயிலில வைச்சால் போகுமெண்டு ஒருத்தர் சொன்னார்.

திருத்துமேசை

வெயிலில இருக்கிற புறஊதாக் கதிர் மேலால இருக்கிற பூஞ்சணத்தைக் கொல்லலாம், ஆனால் செத்த நூலும் கண்ணாடியிலதான் ஒட்டியிருக்கும். இஞ்சத்த வெயிலில வைச்சால் கிறீஸ் உருகி இதழுக்கு ஓடுறதுதான் மிச்சம். மூடியில்லாத லென்ஸ் வெயிலைக் குவிச்சுத் துணியை எரிக்கவும் கூடும். வெயில் யோசனையை விடுங்கோ.

ஓரத்தில கொஞ்சம் எண்டால் படத்தில தெரியாது, ஆனால் விட்டால் வளரும். பூஞ்சணம் சுரக்கிற அமிலம் மேற்பூச்சையும் பேந்து கண்ணாடியையும் அரிக்கும். அரிச்ச தழும்பு எதாலயும் போகாது. அதால இப்பவே துடைக்கிறதுதான் சரி.

முன்பக்கப் பெயர் வளையத்தை, அதின்ர அகலத்துக்குச் சரியான றப்பர் மூடியை அழுத்தித் திருப்பிக் கழட்டலாம். உள்ளுக்க ரெண்டு வெட்டுள்ள இறுக்கு வளையம் இருந்தால் அதுக்கெண்டு செய்த லென்ஸ் ஸ்பேனர் வேணும். கத்தி, கவராயம் போடாதேங்கோ, வழுக்கினால் கண்ணாடியில கோடு. கண்ணாடியை வெளியில எடுக்க முதல் எந்தப் பக்கம் முன்னுக்கு எண்டு விளிம்பில பென்சிலால அடையாளம் போடுங்கோ. ரெண்டு பக்க வளைவும் கிட்டத்தட்ட ஒண்டு மாதிரித் தெரியும். மாறிப் போட்டால் ஒரு தூரத்திலயும் கூர்மை வராது.

மருந்துக்கடையில வாங்குற ஐதரசன் பேரொட்சைட்டை 3 வீதத்துக்கு ஐதாக்கி, லென்ஸ் துடைக்கிற தாளில நனைச்சு, ரெண்டு மூண்டு நிமிஷம் பூஞ்சணத்துக்கு மேல போட்டு விடுங்கோ. எடுத்து, புதுத் தாளில ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்டு, நடுவில இருந்து விளிம்புக்கு ஒரே ஒரு சுற்று. தாளை எறிஞ்சிட்டு அடுத்த தாள். ஒரே தாளைத் திருப்பித் திருப்பித் தேய்ச்சால் தூசிதான் கீறும்.

ஃபோக்கஸ் புரியை மட்டும் கழட்டாதேங்கோ. அது பல தொடக்கமுள்ள புரி. பிரிஞ்ச இடத்தை அடையாளம் போடாமல் கழட்டினால் திரும்பச் சரியான தொடக்கத்தில பூட்டுறது பெரும்பாடு. இன்னொண்டு, யப்பான் லென்ஸைத் திருத்துற ஆக்கள் ஜேஐஎஸ் (யப்பான் தரத்து) ஸ்க்ரூ டிரைவர் வாங்குங்கோ. சாதாரண பிலிப்ஸ் நுனி அந்தச் சிலுவை வெட்டில முழுதா இறங்காது. பலமாத் திருப்பினால் தலை மழுங்கிப்போகும்.

பண்ணைப்பாலம்

பரவுமா என்று கேட்டிருந்தீர்கள். பூஞ்சண வித்து காற்றில் எங்கும் உண்டு. பக்கத்து லென்ஸில் இருந்து வந்துதான் பிடிக்க வேண்டும் என்றில்லை. முளைப்பதைத் தீர்மானிப்பது ஈரப்பதம். ஆகவே பிரித்து வைப்பதைவிட உலர வைப்பது முக்கியம்.

திருத்துமேசை

அதோட எனக்கு அரைவாசிதான் உடன்பாடு. உயிருள்ள பூஞ்சணம் உள்ள லென்ஸைத் துப்புரவாக்குமட்டும் வேற பெட்டியில வைக்கிறதில செலவொண்டும் இல்லை. ஆனால் ஈரப்பதம்தான் மூலகாரணம் எண்டது உண்மை.

முதலில அந்தத் தோல் உறை ரெண்டையும் தூக்கி எறியுங்கோ. தோல் ஈரத்தை உறிஞ்சி வைச்சு லென்ஸுக்குக் குடுத்துக்கொண்டே இருக்கும். றப்பர் விளிம்பு வைச்ச, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒண்டு, அதுக்குள்ள 250 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 தொடக்கம் 50 வீதத்துக்குள்ள நிக்கோணும். 30க்குக் கீழ நெடுக விட்டால் கிறீஸ் காயும். ஐப்பசி, கார்த்திகை மாரியில பெட்டியைத் திறந்து திறந்து மூடினால் ஜெல் கெதியா நிறம் மாறும். தட்டையான பழைய சட்டியில மெல்லிய நெருப்பில காயவைச்சுத் திரும்பப் போடலாம். செம்மஞ்சள் நிற வகையை வாங்குங்கோ. நீல வகையில கோபாற்றுச் சேர்மம் இருக்கு, அதைச் சமையல் பாத்திரத்தில சூடாக்கக்கூடாது. அரிசி போடாதேங்கோ, மாத்தூசி லென்ஸுக்குள்ள போகும். கற்பூரம், பூச்சி உருண்டையும் வேண்டாம், அந்த ஆவி கண்ணாடியில படியும்.

கிளுவைவேலி

கடற்கரைக்கும் ஒண்டு சொல்லோணும். சோளகக் காற்று வீசுற மாதங்களில பண்ணையிலயோ காரைநகரிலயோ வெளியில நிண்டு லென்ஸ் மாத்தாதேங்கோ. பழைய லென்ஸை எஃப்/11, எஃப்/16 எண்டு மூடி எடுக்கேக்க சென்சரில இருக்கிற ஒவ்வொரு தூசியும் வானத்தில கறுப்புப் புள்ளியாத் தெரியும். வீட்டுக்கு வந்த உடன கொஞ்சம் ஈரத் துணியால லென்ஸ் உடலைத் துடைச்சு, பேந்து காய்ஞ்ச துணியால துடையுங்கோ. உப்புப் படிஞ்சால் பக்கத்தில இருக்கிற சின்ன ஸ்க்ரூ எல்லாம் துருவேறி, பிறகு கழட்டவே ஏலாது.

ஹீலியோஸுக்கு 49 மி.மீ. றப்பர் ஹூட் ஒண்டு கட்டாயம் வாங்குங்கோ. அந்தக் கால மேற்பூச்சு, பக்கத்தால வாற வெளிச்சத்துக்குத் தாங்காது.

சுருவில்

ஹீலியோஸில பின்னணி சுழலுறது எண்டு சொல்லுகினம், அது எப்பிடி எடுக்கிறது?

கிளுவைவேலி

ஆளை 1 தொடக்கம் 1.5 மீற்றரில நிப்பாட்டி, அவருக்குப் பின்னால நாலைஞ்சு மீற்றர் தள்ளி வெயில் பொட்டுப் பொட்டா விழுற இலை இருக்கோணும். கிளுவை வேலி, முருங்கை, வேம்பு எல்லாம் பிரமாதம். வெறும் மதிலுக்கு முன்னால சுழற்சி வராது. எஃப்/2இலயே எடுக்கோணும், எஃப்/4க்கு மூடினால் மறைஞ்சிடும்.

ஒளிமானி

சுழற்சி விளிம்பில்தான் பலம். ஏபிஎஸ்-சி சென்சர் அந்த விளிம்பை வெட்டிவிடுகிறது. அது முழுதாக வேண்டுமென்றால் 0.71 மடங்கு ஃபோக்கல் ரெடியூசர் அடப்டர் (உள்ளே கண்ணாடி வைத்துப் படத்தைச் சென்சருக்குச் சுருக்கித் தருவது) இருக்கிறது. 58 மி.மீ. எஃப்/2 அப்போது 41 மி.மீ. எஃப்/1.4 ஆகும், ஒரு படி வெளிச்சமும் கூடும். மலிவு ரெடியூசரில் மூலைகள் குழம்பும், உருவப்படத்துக்கு அது பொருட்டில்லை.

மணற்காட்டான்

பென்டகனைத் துடைச்சாச்சு, நூல் முழுக்கப் போட்டுது, தழும்பு இல்லை. விளிம்பு வைச்ச அடப்டரும் வந்திட்டுது, இதழும் மூடுது. ஒரு பிரச்சினை: ஹீலியோஸ் தூரத்துக் கோபுரச் சிவப்பு விளக்கைக் கூர்மையாக் காட்டேல்லை. வளையம் கோடியில நிக்குது, ஆனால் 30 மீற்றருக்கு அங்கால எல்லாம் மங்கல். அடப்டர் நீளமோ?

பண்ணைப்பாலம்

58 மி.மீ. லென்ஸ் 30 மீற்றரில் நின்றால் பிழை 0.11 மி.மீ. அடப்டர்தான் காரணம் என்றால் அதே பிழை பென்டகனுக்கும் இருக்கும்; 135 மி.மீ.க்குக் கணக்குப் பார்த்தால் 165 மீற்றருக்கு அப்பால் மங்க வேண்டும். லென்ஸ் திருகின் அடிவரை இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பென்டகனை எஃப்/2.8இல் வைத்து அதே விளக்கை மக்னிஃபையரில் பாருங்கள்.

மணற்காட்டான்

ரெண்டும் நல்லா இறுகித்தான் இருக்கு. பென்டகனில விளக்கு ஊசிமுனைப் புள்ளியாத் தெரியுது, வளையத்தில இன்னும் கொஞ்சம் இடமும் மிச்சம்.

திருத்துமேசை

அப்ப அடப்டரில பிழையில்லை. ஹீலியோஸை முந்தி ஆரோ கழட்டி, ஃபோக்கஸ் வளையத்தைப் பிழையான இடத்தில இறுக்கியிருக்கினம். அந்த வளையத்தைச் சுற்றிவர மூண்டு சின்ன வெட்டு ஸ்க்ரூ இருக்கும். வெட்டின்ர அகலத்துக்குச் சரியான நுனியால மூண்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கோ, வெளியில எடுக்காதேங்கோ. கமராவை முக்காலியில வைச்சு, எஃப்/2இல, மக்னிஃபையரில அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, வெளி வளையத்தைத் தொடாமல் உள்குழாயை மட்டும் விளக்கு புள்ளியாகுமட்டும் திருப்புங்கோ. பேந்து வெளி வளையத்தை முடிவிலிக் கோடிக்குக் கொண்டுவந்து, மூண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ. ஒண்டை மட்டும் முதலே இறுக்கினால் வளையம் ஒரு பக்கம் இழுபட்டுச் சுற்றேக்க உராயும். இறுக்கின பிறகு விளக்கைத் திரும்ப ஒருக்காப் பாருங்கோ, இறுக்கேக்கயே மயிரளவு நகர்ந்திருக்கும்.